இரணம், சத்திரம், அறுவை, துளை: ஒரு சொல்வரலாற்று ஆராய்ச்சி

தோற்றுவாய்

சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்திற்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்தது காட்டுப்பள்ளி. மீனவர் குப்பங்களும், 2013ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய துறைமுகமும் அப்பகுதியின் அடையாளங்கள். அங்கு வாழும் மூதாட்டி ஒருவர் பித்தப்பைக் கல்லால் துன்புற்றுச் சென்னை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தபோது, அக்குடும்பத்தாரோடு பழக்கமுடைய யாமும் உடன் சென்றிருந்தோம். ஒப்புதல் தாளில் அறுவையின் பெயர் ஆங்கிலச் சொல்லாகவே தமிழெழுத்தில் இருந்தது. மகன் அதனை 'லேசர் ஆபரேசன்' என்று தாய்க்குக் கூறினார். அங்ஙனமாயின் உடலிற் கத்தி படாது என்று தேறி, மூதாட்டி கைந்நாட்டு இட்டார்.

துளைவழித் தொடங்கிய அவ்வறுவை, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தமையால், வயிற்றைத் திறந்து முடிக்கப்பெற்றது. இது நோயாளியின் நலங்கருதி மருத்துவர் மேற்கொள்ளும் முறையான மாற்றமேயன்றிப் பிழையன்று. ஆயினும், விழித்தெழுந்து நீண்ட தையலைக் கண்ட மூதாட்டி, தாம் ஏமாற்றப்பட்டதாகவே இன்றும் கருதுகின்றார். அத்தாளை யாமும் படித்திருந்தோம். பொருள் விளக்காது வாளா இருந்தோம். அக்குறையே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாயாயிற்று. தமிழில் அறுவை மருத்துவம் எப்பெயர்களால் வழங்கிற்று, அப்பெயர்கள் எவற்றை உணர்த்தின என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1. இலக்கியச் சான்று

போரிற் புண்பட்ட மார்பை ஊசியால் தைக்கும் செயல் பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டிற் கூறப்படுகின்றது. மீன்தேரும் சிரற்பறவை குளத்தில் மூழ்கி எழுவதை, தைக்கும் ஊசியின் போக்கிற்குப் பரணர் உவமையாக்கினார். ஈண்டுப் புண் பகைவனால் விளைந்தது. மருத்துவனின் தொழில் அதனை மூடுதலாகும்.

பெருமாள் திருமொழியில் வரும் உவமையோ வேறு. மருத்துவன் தன்னுடலைக் கீறிச் சூடிட்டபோதும் நோயாளன் அவன்பால் அன்பு நீங்கான் என்பது குலசேகராழ்வார் கருத்து. ஈண்டுப் புண்ணை ஆக்குபவன் மருத்துவனே. ஆக்குதல் நோய் தீர்த்தற்பொருட்டு. பிறர் ஆக்கிய புண்ணை ஆற்றுதல், நோய் தீர்க்கப் புண்ணை ஆக்குதல் என்னும் இருநிலைகளையும் இவ்விரு சான்றுகளும் தெளிவுறக் காட்டுகின்றன. மூன்றாம் நிலை ஒன்றும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

2. கிறீனும் 'இரண வைத்தியமும்'

மேலை அறுவை மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கியோருள் தலைசிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க நாட்டு மசாச்சூசெட்சில் 1822இல் பிறந்த இவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றினார். முதலில் ஆங்கிலத்திற் பயிற்றிய இவர், 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். இவரும் இவர்தம் மாணவரும் ஆக்கிய தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படுவன. 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என்பன அவற்றுட் சில. 'கெமிஸ்தம்' என்பது ஆங்கிலச் சொல்லே தமிழீறு பெற்று வந்தது. ஏனையவை வடசொல்லாட்சி மிக்கவை. எனவே கிறீன் தனித்தமிழ் நோக்கினர் அல்லர். கற்போர்க்குப் பொருள் விளங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம் எனலாம்.

துரூயிட் என்பார் எழுதிய அறுவை மருத்துவ நூலின் தமிழாக்கம் 1867இல் வெளிவந்தது. அதற்கு இட்ட பெயர் 'இரண வைத்தியம்'. இரணம் என்பது 'விரணம்' என்னும் வடசொல்லின் திரிபு; புண் என்பது பொருள். அதே 1867இல்தான் இங்கிலாந்தின் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்ப்பிடியாமற் காக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்னர் அறுத்த இடம் சீழ்வைத்தல் பெருவழக்கு. அறுத்தலினும் ஆற்றுதலே அரிதாயிருந்தது. ஆகலின் புண்ணால் பெயர்பெற்ற அந்நூற்பெயர் அக்கால மருத்துவ நிலைக்கு முற்றும் பொருந்துவதாம்.

3. சத்திரமும் அறுவையும்

இலங்கைத் தமிழர் இன்று வழங்குவது 'சத்திரசிகிச்சை' என்பது. கருவியைக் குறிக்கும் 'சஸ்திரம்' என்னும் வடசொல் வழிவந்தது இது. தமிழகத்தில் 'சத்திரம்' என்பது வழிப்போக்கர் தங்குமிடத்தையே குறித்தலின், அச்சொல் ஈண்டு வேரூன்றாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். தமிழகத்தில் 'ரண சிகிச்சை' என்பது வழக்கருக, 'அறுவை சிகிச்சை' நிலைபெற்றது. ஒரு சொல் புண்ணையும், ஒரு சொல் கருவியையும், ஒரு சொல் வினையையும் குறித்தல் காண்க. மூன்றும் நோயாளிக்கு நேர்வதை மறையாது உரைப்பன.

4. துளைவழி முறையின் வளர்ச்சி

மூன்றாம் நிலையாவது, மருத்துவன் தான் ஆக்கும் புண்ணைச் சுருக்குதல். 1901இல் செர்மனியின் கெல்லிங் நாயொன்றின் வயிற்றைக் காற்றால் உப்பச்செய்து குழாய்வழி நோக்கினார். 1910இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயசு அதனை மனிதரிடத்துச் செய்துகாட்டினார். 1980இல் செம் குடல்வாலையும், 1985இல் மியூகே பித்தப்பையையும் இம்முறையால் அகற்றினர். இந்தியாவில் 1990இல் மும்பையில் உத்வாடியா இம்முறையிற் பித்தப்பையை அகற்றினார். கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு குழுவினர், நோயாளியைக் குப்புறக் கிடத்தி மார்புத்துளைவழி உணவுக்குழாய்ப் புற்றினை அகற்றும் முறையை 130 நோயாளரிடம் கையாண்டு, 2006இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். தமிழகத்து அறுவைக்கூடம் உலகிற்கு அளித்த இக்கொடை ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது.

செய்முறை இது: கொப்பூழின் அருகே சிறுதுளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உயர்த்துவர், ஒளியும் படக்கருவியும் கொண்ட நோக்கியை நுழைப்பர், வேறு சில துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, திரையிற் கண்டு உறுப்பை அறுத்தெடுப்பர். வெளிப்புண் சிறிதாதலின் வலி குறையும். நோயாளி விரைவில் வீடு திரும்புவர். ஆனால் உள்ளே அறுத்தல் உண்டு. இடர்ப்பாடு தோன்றின் வயிற்றைத் திறத்தலும் உண்டு.

5. பெயராராய்ச்சி

'லேப்பராஸ்கோப்பி' என்னும் கிரேக்கவழிப் பெயர் வயிற்றை நோக்குதலைக் குறிப்பதன்றி, அறுத்தலைக் குறிப்பதன்று. 'லேசர்' என்பது ஒருவகை ஒளிக்கற்றை. அதனை இம்முறைக்குப் பெயராக்கல் பிழை. 'சாவித்துளை அறுவை' என்பது ஆங்கில உருவகத்தின் நேர்பெயர்ப்பு. கதவினை நினைப்பிப்பதன்றி உடலை நினைப்பிப்பதில்லை. 'நுண்துளை அறுவை' என்பதோ, வெளியே துளை, உள்ளே அறுவை என இரண்டையும் ஒருங்கே உணர்த்துகின்றது. அதற்கு இணையாகத் 'திறந்த அறுவை' என்பதும் வழக்கில் உளது. இவ்விரண்டையும் ஒப்புதல் தாளில் அடுத்தடுத்து எழுதி, முன்னது பின்னதாக மாறவும் கூடும் என்பதனை ஒரு தொடரால் விளக்குதல் வேண்டும்.

முடிபு

புண்ணை ஆற்றிய கை, புண்ணை ஆக்கி, இன்று அதனைச் சுருக்கக் கற்றுள்ளது. முன்னிரு நிலைகளுக்கும் தமிழ் பெயர் தந்தது. மூன்றாவதற்கும் பெயர் உளது. ஆனால் அது நோயாளியின் கைக்கு வரும் தாளை இன்னும் முழுதும் எட்டவில்லை. 1867இல் மாணவர்க்கென ஆக்கப்பெற்ற தெளிவு இன்று நோயாளர்க்கு வாயாமை தமிழ் கற்பிக்கும் எம்போல்வார்க்கும் உரிய குறையாம். ஆழ்வார் கூறும் நோயாளன், தன்னை மருத்துவன் கீறுவான் என்று அறிந்தே அன்பு கொண்டான். காட்டுப்பள்ளி மூதாட்டிக்கு அவ்வறிவு அளிக்கப்படவில்லை. கலைச்சொல் ஆக்குவோர் அகராதியோடு அமையாது, ஒப்புதல் தாளையும் தம் ஆய்வுக்களமாகக் கொள்வாராக.