விளம்பரமும் நம் குழந்தைகளும்

சென்ற சம்பள நாளன்று, நான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தின் மளிகைக் கடையிலே ஒரு காட்சியைக் கண்டேன். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இனிப்புப் பான மாவு டப்பாவொன்றைக் கட்டிக்கொண்டு, விடமாட்டேனென்று அடம்பிடித்தான். "இதைக் குடித்தால் ஓட்டப் பந்தயத்தில் நான்தான் முதலாவது, அம்மா!" என்றான். யார் சொன்னதென்று வினவினேன். "டிவியில் சொன்னார்கள்" என்றான். தாய் கையிலிருந்த வெள்ளியை இருமுறை எண்ணிப் பார்த்தாள். எடுத்து வைத்திருந்த முட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டப்பாவை வாங்கிச் சென்றாள்.

அத்தாயைப் பழித்தல் நம் நோக்கமன்று. இம்மயக்கு வித்தை அவள் பிறப்பதற்கு முன்னரே இந்நாட்டில் வேரூன்றிவிட்டது என்பதற்குச் சரித்திரமே சான்று.

1939-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மாது "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைச் சிசுக்களுக்கு ஏற்ற உணவென்று விற்ற கம்பெனிகள், தாதியருடை தரித்த பெண்களைத் தாய்மார்களிடம் அனுப்பி வந்தன. தாய்மார் அந்த உடையை நம்பினர். உடை கொண்டுவந்த பாலையும் நம்பினர். தாய்ப்பாலை இழந்த சிசுக்கள் சத்தின்றி மெலிந்து மாண்டன. அச்சாவுகளைக் கொலையென்றே கொள்ள வேண்டுமென அவ்வம்மையார் அஞ்சாது உரைத்தார்.

நிற்க. 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரிலே தொலைக்காட்சி பிறந்தது. 1969-இல் பிரிக்பீல்ட்ஸுக்குச் சற்று அப்பாலுள்ள அங்காசாபுரிக்கு அது குடிபெயர்ந்தது. 1978-இல் வண்ணம் வந்தது. 1984 ஜூன் 1-இல், விளம்பரப் பணத்தையே ஜீவனாகக் கொண்ட முதல் தனியார் நிலையமான டிவி3 தோன்றிற்று. முதன்முதலில் அதனைக் கண்டது நமது கிள்ளான் பள்ளத்தாக்கேயாம். அன்று தாதி வேடம் பூண்டவள் வீடு வீடாக நடக்க வேண்டியிருந்தது. இன்றோ சித்திரப் பொம்மையும், பந்தாட்ட வீரனும், புன்னகை பூத்த தாயுமாக வேடம் மாறி, ஒரே நொடியில் எல்லா வீடுகளுக்குள்ளும் விளம்பரம் நுழைகின்றது.

அரசாங்கம் வாளாவிருந்ததென்று சொல்வதற்கில்லை. 1982-இல் சிகரெட்டு விளம்பரம் தொலைக்காட்சியிலிருந்து விலக்கப்பட்டது. வியாபாரிகள் சளைத்தார்களா? அதே சிகரெட்டுப் பெயரைச் சுற்றுலாவுக்கும் ஆடைக்கும் சூட்டி, அவற்றை விளம்பரம் செய்தனர். அவ்வழியை அடைக்க 2004-ஆம் ஆண்டின் விதிகள் வரவேண்டியதாயிற்று. 2007-இல் சிறுவர் நிகழ்ச்சிகளிடையே துரித உணவு விளம்பரம் தடுக்கப்பட்டது. ஆயின், குழந்தை சிறுவர் நிகழ்ச்சியை மட்டுமா பார்க்கின்றது? தாயின் மடியிலமர்ந்து இரவுத் தொடரையும் அல்லவா பார்க்கின்றது!

கனடாவின் கியூபெக் மாகாணம் இதனினும் துணிந்து சென்றது. பதின்மூன்று வயதிற்குட்பட்டோரை நோக்கிய வர்த்தக விளம்பரத்தையே 1980 முதல் அது விலக்கிற்று. விளையாட்டுப் பொருட் கம்பெனியொன்று வழக்காடியும், 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. விளம்பரத்தின் உள்நோக்கத்தைப் பகுத்தறியும் ஆற்றல் சிறு குழந்தைக்கு இல்லை. அவ்வியலாமையைப் பயன்படுத்திப் பொருளீட்டல் தகாது என்பதே அச்சட்டத்தின் அடிப்படை.

நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டுமெனக் கேட்பது நமது கடமை. அது வரும்வரை நாம் கைகட்டி நிற்பதா? விளம்பரம் இப்பொழுது கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. பெட்டியை அணைத்தல் மட்டும் போதாது. பெற்றோரும் ஆசிரியரும் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு கேள்வியைப் பழக்க வேண்டும்: "இதைச் சொல்வதற்கு இவருக்குக் கூலி கொடுத்தவர் யார்?"

கூலி இன்னதென்பதைத் தோட்டத்துக் குழந்தைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அக்கேள்வியை அன்று கடையிலே அச்சிறுவனிடம் நான் கேட்டிருக்க வேண்டும், கேளாது நின்றேன். அடுத்த சம்பள நாளன்று கேட்பேன்.