எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம்

 

போன கிழமை ஒரு மாணவன் முட்டை வடிவப் பந்தொன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தான். மெல்பேர்னில் இருக்கும் மாமா அனுப்பியதாம். அது அவுஸ்திரேலியக் காற்பந்து. ஒரு அணிக்குப் பதினெட்டுப் பேர். பந்தை உதைக்கலாம், கையாலும் குத்திக் கொடுக்கலாம். அதன் இறுதிப் போட்டி வழமையாக மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் நடக்கும், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அமரலாம் என்று சொன்னேன்.

"எங்கட ஆக்கள் ஆராவது அந்த மைதானத்தில விளையாடியிருக்கினமே, சேர்?" என்று ஒருவன் கேட்டான்.

"முரளி!" என்று பின்வாங்கிலிருந்து சத்தம் வந்தது.

சரிதான். ஆனால் முரளி 1995இல் அங்கே பந்து வீசுவதற்கு 39 வருடங்களுக்கு முன்னரே எங்கள் குடாநாட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே இறங்கியிருக்கிறார். அவர் பெரியவிளான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இல் பிறந்தவர், யாழ். மத்திய கல்லூரி மாணவர், உயரம் பாய்தல் வீரர்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக். மெய்வல்லுநர் போட்டிகள் நடந்தது அந்த மைதானத்தில்தான். அவுஸ்திரேலியக் காற்பந்தும் அந்த ஒலிம்பிக்கின்போது அங்கே ஒரு காட்சிப் போட்டியாக நடந்தது. எதிர்வீரசிங்கத்துக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். அந்த ஆண்டில் ஒரு தமிழர் இலங்கையின் சட்டையைப் போட்டுக்கொண்டு பாய்ந்தார்.

1958 மே 24இல் ரோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. அங்கே அவர் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டு அங்குலம், தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இன்றுள்ள தடித்த மெத்தை அக்காலத்தில் இல்லை.

அதே நாட்களில் இங்கே நடந்தது என்ன? தமிழருக்கு எதிரான கலவரம். மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. வீடிழந்தவர்களைக் கப்பல்களில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்காக இலங்கைக் கொடி ஏறியது. இங்கே அவருடைய ஆக்கள் உயிருக்கு ஓடினார்கள்.

1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார். அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் ஆபிரிக்காவிலும் கற்பித்தார். எங்களைப் போல அவரும் ஒரு வாத்தியார்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் "எங்கட ஆக்கள்" என்ற சொல்லே மனதில் நின்றது. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இந்தக் குடாநாட்டைவிட்டுப் போனார். பதக்கம் கொண்டு வந்தால் மட்டும் ஒருவரை 'எங்கட ஆள்' என்று சொல்வதும், கஷ்டம் வரும்போது 'மற்றவன்' என்று தள்ளுவதும் எந்தப் பக்கம் செய்தாலும் பிழைதான்.

ஆனால் அந்தப் பிள்ளை என்னையும் சேர்த்துத்தான் அப்படிக் கேட்டான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

1958ஐ நேரில் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தங்கத்தையும் சொல்லட்டும், அந்தக் கப்பல்களையும் சொல்லட்டும்.