இருபது நிமிடப் பேச்சும் ஒரு வாக்கியமும்

ஆய்வரங்கில் ஒருவர் எவ்வளவு நேரம் பேசணும்? இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு 1930 கோனிக்ஸ்பெர்க் மாநாடுதான் ஞாபகம் வரும்.

செப்டம்பர் 6 அன்று, 24 வயது குர்ட் கோடெல் தன் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி 20 நிமிடம் பேசினார். பெரிய சலசலப்பு இல்லை. மறுநாள் கலந்துரையாடலில், போகிற போக்கில் ஒன்று சொன்னார்: கணிதத்தில் உண்மையாக இருந்தும், அதன் விதிகளுக்குள் நிரூபிக்க முடியாத கூற்றுகள் உண்டு. ஜான் வான் நியூமன் சட்டென்று பிடித்துக்கொண்டார். அமர்வு முடிந்ததும் கோடெலிடம் போய் விவரம் கேட்டார். 1931-இல் அச்சேறிய முழுமையின்மைத் தேற்றம் அதுதான்.

நம்ம கருத்தரங்குகள்ல பேச்சு நீண்டால் முதலில் வெட்டு விழுவது கேள்வி நேரத்துக்கு. அங்கேதான் தப்பு. பேச்சுக்கு 20 நிமிடம் தாராளம். மிச்சத்தைக் கேட்பவர்களுக்கு விடுங்க.