தனியாக ஊர் சுற்றும்போது போன் பறிபோனால் என்ன செய்வது?

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலைக்கு வந்ததும் பேக்பேக்கர்கள் பலர் செய்வது ஒன்றுதான். சாலையோரம் நின்று, போனை எடுத்து, வரைபடத்தைப் பார்ப்பார்கள். முதுகில் பெரிய பை, காதில் இயர்போன், கண் திரையில். பின்னால் மெதுவாக வரும் மோட்டார் சைக்கிளை யார் கவனிப்பார்கள்?

ஒரு நொடியில் போன் பறிபோகலாம். அதோடு வேறு என்னென்ன போகும்?

எல்லாமே ஒரே இடத்தில்

தங்கும் விடுதியின் முகவரி, பஸ் டிக்கெட், கடப்பிதழ் நகல், இ-வாலட், வங்கிச் செயலி, அம்மாவின் நம்பர். எல்லாம் போனுக்குள்தான் இருக்கு. முன்பு பர்ஸ் தொலைந்தால் போனில் வீட்டுக்குச் சொல்லலாம். போன் தொலைந்தால் பர்ஸில் உள்ள காசு அறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டதுதான் சிக்கல்.

புது போன் வாங்கினால் சரியாகிவிடுமா?

உடனே சரியாகாது. மோசடிகளைத் தடுக்க, பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் சில நடவடிக்கைகளை அறிவித்தது. பரிவர்த்தனையை உறுதிசெய்ய ஒருவருக்கு ஒரு சாதனம் மட்டுமே. புதிதாகப் பதிவு செய்தால் காத்திருப்பு நேரம் உண்டு. மோசடிக்காரரைத் தடுக்கும் இதே பூட்டு, வெளியூரில் போனைத் தொலைத்த உங்களையும் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தும்.

திருடனுக்கு என்ன கிடைக்கும்?

வரைபடம் பார்க்கும்போது பறித்தால், பூட்டு திறந்த போன் அவன் கையில். மின்னஞ்சலைத் திறந்து மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றப் பார்க்கலாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், எஸ்.எம்.எஸ். வழி வரும் ஓ.டி.பி. எண்ணும் அவனுக்குப் போகும்.

தடுக்க வழி இருக்கு:

- சிம்முக்குத் தனியாக பின் நம்பர் போடுங்கள்.
- ஐபோனில், 2024 ஜனவரியில் ஐ.ஓ.எஸ். 17.3-உடன் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியை இயக்குங்கள்.
- ஆண்ட்ராய்டில், போன் பறிக்கப்படுவதை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

பறிபோனால் முதலில் என்ன?

1. துரத்தாதீர்கள். போனுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். யாரிடமாவது போன் வாங்கி 999-ஐ அழையுங்கள்.
2. வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.
3. தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சிம்மை முடக்குங்கள்.
4. வேறொரு சாதனம்வழி உங்கள் போனைத் தூரத்திலிருந்தே பூட்டுங்கள்.
5. இணைய மோசடியில் பணம் போயிருந்தால், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள்.
6. போலீஸ் புகார் செய்யுங்கள். காப்புறுதிக்கு அது தேவைப்படும்.

நான்காவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் கணக்கில் நுழைய, தொலைந்த போனுக்கே குறியீடு போகலாம். அதனால் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள்.

பேட்டரி தீர்ந்தாலும் இதே கதைதான்

மலையேறப் போகிறீர்களா? சிக்னல் குறைந்த இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். ஜி.பி.எஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. ஆனால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி இருக்க வேண்டும். வழியில் விமானப் பயணம் இருந்தால், பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கிளம்பும் முன் 10 நிமிடம்

- விடுதி முகவரி, வீட்டார் இருவரின் எண்கள், வங்கியின் அவசர எண் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள்.
- *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
- இன்னொரு வங்கி அட்டையையும் 100 ரிங்கிட்டையும் வேறு பையில் வையுங்கள்.
- டச் என் கோ அட்டை ஒன்றும் இருக்கட்டும். போன் இல்லாமலே எல்.ஆர்.டி. ஏறலாம்.

சாலையில் வழி பார்க்க வேண்டுமென்றால், ஏதாவது கடைக்குள் நுழைந்து பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு வசதியும் இருக்கு. பூக்கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ, "அண்ணே, ஜாலான் ஸ்காட் எந்தப் பக்கம்?" என்று தமிழிலேயே கேட்கலாம். அதற்குப் பேட்டரி தேவையில்லை.