மடகாஸ்கரில் மறைத்து வைக்கப்பட்ட வேதாகமம் (1835–1861)

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் உள்ள பெரிய தீவு மடகாஸ்கர். 1835 முதல் 1861 வரை, ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள், இத்தீவின் நடுமேட்டு நிலத்தை ஆண்ட இமெரினா அரசு தன் குடிமக்கள் கிறித்தவ மதத்தைப் பின்பற்றுவதைத் தடை செய்திருந்தது. அப்போது வழிநடத்தப் போதகர்களோ, கூடுவதற்கு ஆலயமோ இல்லை. வெளிநாட்டு மிஷனரிகளும் வெளியேறிவிட்டனர். எஞ்சியது ஒரே ஒரு நூலின் சில பிரதிகள் மட்டுமே. ஆயினும் தடை நீங்கியபோது கிறித்தவர்களின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடப் பெருகியிருந்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் அச்சும்

1818இல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்னும் இரு வேல்ஸ் இளைஞர்கள் கிழக்குக் கரைத் துறைமுகமான டமடாவேயில் வந்திறங்கினர். சில மாதங்களிலேயே பெவனையும் இரு குடும்பத்தாரையும் காய்ச்சல் கொண்டுபோனது. தனித்து உயிர் பிழைத்த ஜோன்ஸ் மொரிசியசுக்குச் சென்று உடல் தேறினார். 1820இல் அவர் தலைநகர் அந்தனனரிவோவுக்கு வந்தபோது மன்னர் முதலாம் ராதாமா வரவேற்றார். மன்னருக்கு வேண்டியிருந்தது மதம் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த அலுவலர்களும், கைத்தொழில் வல்லுநர்களும், நவீனப் படையுமே அவருக்குத் தேவைப்பட்டன.

அரண்மனையில் அதுவரை அரபு எழுத்தில் மலகாசி மொழியை எழுதத் தெரிந்த எழுத்தர்கள் சிலர் மட்டுமே இருந்தனர். ராதாமா ரோமன் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். மெய்யெழுத்துகளை ஆங்கில முறைப்படியும் உயிரெழுத்துகளைப் பிரெஞ்சு முறைப்படியும் எழுத வேண்டும் என்று 1823இல் முடிவானது. பள்ளிகளில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் இந்த எழுத்தைக் கற்றனர். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தப் பள்ளிகளே அடிப்படை. படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகாமல் இருந்திருந்தால், மறைத்து வைக்க ஒரு நூல் இருந்தும் பயன் இருந்திருக்காது.

1826 இறுதியில் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. அதை இயக்க வந்த அச்சுத் தொழிலாளர் சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார். ஜேம்ஸ் கேமரன் என்ற ஸ்காட்லாந்துக் கைவினைஞர், தமக்குப் பழக்கமில்லாத அந்தப் பொறியைப் பொருத்தி இயக்கினார். 1827 தொடக்கத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகார வசனங்கள் அச்சாயின. 1830இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

அரசியின் அச்சம்

1828 ஜூலையில் ராதாமா இறக்க, அவருடைய மனைவி ரனவலோனா அரசியானார். மிஷனரி நூல்கள் இவரை இரத்தவெறி பிடித்த அரக்கியாகவே வரைகின்றன. அந்தச் சித்திரத்தை அப்படியே ஏற்பது சரியாகாது. இமெரினா அரசின் அதிகாரம் முன்னோரின் அருளையும் ‘சம்பி’ எனப்பட்ட அரச காப்புப் பொருள்களையும் சார்ந்திருந்தது. அவற்றை வணங்க மறுப்பவர் அரசையே மறுப்பவராகக் கருதப்பட்டார். 1829இல் பிரெஞ்சுக் கப்பல்கள் கடற்கரையைத் தாக்கியிருந்தன. வெளிநாட்டாரின் கடவுளிடம் மன்றாடுவோர் நாளை வெளிநாட்டாருக்கே துணைபோவார்கள் என்ற ஐயம் அரசவையில் வலுத்தது. அடிமைகளும் எழுத்தறிவு பெற்றது மேல்தட்டினருக்கு உறுத்தலாக இருந்தது.

1835 மார்ச் 1 அன்று தலைநகரில் மக்கள் பெருந்திரளாகக் கூட்டப்பட்டனர். கிறித்தவ வழிபாடு, ஞானஸ்நானம், ஓய்வுநாள் அனுசரிப்பு ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டன. இதுவரை பங்கேற்றவர்கள் தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நூல்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. பலர் ஒப்புக்கொண்டனர். அலுவலர்கள் பலர் பதவி இறக்கப்பட்டனர்.

அப்போது பழைய ஏற்பாட்டின் அச்சுவேலை முடிந்திருக்கவில்லை. மலகாசி உதவியாளர்கள் அச்சகத்துக்குள் வர முடியாத நிலையில், எட்வர்டு பேக்கர் உள்ளிட்ட மிஷனரிகள் தாங்களே எழுத்துக் கோத்து, தாங்களே அச்சிட்டு 1835 ஜூன் மாதத்தில் முழு வேதாகமத்தையும் முடித்தனர். வாசிப்பது குற்றம் என்று அறிவிக்கப்பட்ட நாட்டில், அந்த நாட்டு மொழியில் ஒரு நூல் முழுமை பெற்றது. கடைசி மிஷனரிகளான டேவிட் ஜான்ஸும் பேக்கரும் 1836 ஜூலையில் வெளியேறும்போது சுமார் எழுபது முழு வேதாகமங்களையும், சங்கீதப் புத்தகம் போன்ற தனிப் பகுதிகளையும் விட்டுச் சென்றனர். அவற்றுள் சில மண்ணில் புதைக்கப்பட்டன.

தடைக்காலத்தில் வாசிப்பு

இருந்த பிரதிகள் மிகக் குறைவு. ஆகவே நூல்களைப் பிரித்துப் பகுதி பகுதியாகப் பகிர்ந்துகொண்டனர். ஒருவரிடம் ஒரு சுவிசேஷம் இருந்தால் இன்னொருவரிடம் சில சங்கீதங்கள் இருக்கும். பள்ளியில் எழுதக் கற்றவர்கள் கையால் படியெடுத்தனர். ஜான்ஸ் மலகாசியில் மொழிபெயர்த்திருந்த ஜான் பன்யனின் ‘மோட்ச பிரயாணம்’ நூலும் கையெழுத்துப் படிகளாகவே உலவியது. இரவில் மலையுச்சிகளிலும் குகைகளிலும் கூடி வாசித்தனர். தலைநகருக்கு வடமேற்கே உள்ள வோனிசோங்கோ பகுதியில், பெரியம்மை நோயாளிகளைத் தங்கவைத்த ஒரு குகையில் வேதாகமம் ஒளித்து வைக்கப்பட்டதாகவும், நோய்க்கு அஞ்சிய அரசுக் காவலர்கள் உள்ளே நுழையவில்லை என்றும் மிஷனரி நூல்கள் கூறுகின்றன.

அறிமுகமில்லாத இருவர் ஒருவரையொருவர் சோதித்தறிந்த முறையும் அந்நூல்களில் பதிவாகியுள்ளது. ஒருவர் எரேமியா 38:15 என்பார். தான் உண்மையைச் சொன்னால் கொன்றுவிடமாட்டாயா என்று தீர்க்கதரிசி அரசனிடம் கேட்கும் இடம் அது. மற்றவர் 1 சாமுவேல் 3:17 என்று பதில் சொல்வார். எதையும் என்னிடம் மறைக்காதே என்று ஏலி சிறுவன் சாமுவேலிடம் சொல்லும் இடம். வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் சங்கேதம் இது. இப்பிரிவுகளைத் தேர்ந்தவர்கள் ஆறுதல் வசனங்களை நாடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தம்மைப் போலவே அரசனுக்கு அஞ்சி நின்ற ஒருவனின் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மறைந்து வாழ்ந்தோர் மிஷனரிகளுக்கு எழுதிய மலகாசிக் கடிதங்களிலும் இப்படித்தான். வேதாகமத் தொடர்கள் அவர்களின் சொந்தப் பேச்சில் கலந்து வருகின்றன.

ரசலமாவும் பின்வந்தோரும்

1837 ஆகஸ்டு 14 அன்று ரசலமா என்ற பெண் கொல்லப்பட்டார். மடகாஸ்கரின் முதல் கிறித்தவ இரத்தசாட்சி இவரே. உடலை முறுக்கி வதைக்கும் இரும்புத் தளைகளில் ஓர் இரவு முழுவதும் வைக்கப்பட்டு, மறுநாள் காலை நகரின் தென்முனையில் உள்ள அம்போஹிபோட்சிக்குப் பாடிக்கொண்டே நடந்தார். அங்கே முழங்காலிட்டு ஜெபிக்க அனுமதி கேட்டார். ஜெபித்துக்கொண்டிருந்தபோதே ஈட்டியால் குத்தப்பட்டார். அடுத்த ஆண்டு ரஃபராலாஹி என்ற இளைஞர் அதே இடத்தில் கொல்லப்பட்டார். ரஃபராவாவி என்ற பெண்ணும் வேறு சிலரும் 1838இல் மொரிசியசுக்குத் தப்பி, அங்கிருந்து இங்கிலாந்து சென்றனர். தப்பிவந்தோருக்காக உழைத்த டேவிட் ஜான்ஸ் 1843இல் நோசி பே தீவில் காய்ச்சலில் இறந்தார்.

கொடுமையின் உச்சம் 1849. மார்ச் 28 அன்று பதினான்கு பேர் அரண்மனைக்கு அருகிலுள்ள அம்பமரினானா செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளப்பட்டனர். உயர்குடியினரின் இரத்தம் சிந்தக்கூடாது என்பதால் நால்வர் ஃபராவோஹித்ராவில் எரிக்கப்பட்டனர். அபராதம், சவுக்கடி, அடிமைத்தளை என வேறு தண்டனைகள் பெற்றவர்கள் மிகப் பலர். 1857இல் பிரெஞ்சுக்காரர் சிலர் தொடர்புடைய ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வெளியானபோது மீண்டும் பலர் கல்லெறிந்து கொல்லப்பட்டனர். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆட்சியில் போர், கட்டாய உழைப்பு, தாங்கேனா எனும் நச்சுக்கொட்டைச் சோதனை ஆகியவற்றால் மாண்டவர்களோடு ஒப்பிட்டால், நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்கள் சிறு தொகையினரே.

எல்லோரும் உறுதியாக நின்றார்கள் என்றும் இல்லை. பயந்து விலகியவர்களும், நண்பர்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. இரத்தசாட்சிகளின் பெயர்கள் நினைவுச்சின்னங்களில் நிற்கின்றன. இந்த இருபத்தாறு ஆண்டுகளைத் தாங்கியவர்களோ, பெரும்பாலும் பெயர் தெரியாமல் போன படியெடுப்பாளர்களும், ஒளித்து வைத்தவர்களும், மனப்பாடம் செய்தவர்களும்தாம். 1853 முதல் 1856 வரை மூன்று முறை தீவுக்கு வந்த வில்லியம் எல்லிஸ், தமக்கு இரகசியமாகக் காட்டப்பட்ட பகுதிகளைப் பற்றி எழுதியுள்ளார். ஓரங்கள் தேய்ந்து, கிழிந்த இடங்கள் ஒட்டுப்போடப்பட்டு, கைபட்டு அழுக்கேறிய தாள்கள் அவை.

தடை நீங்கிய பின்

1861 ஆகஸ்டு 16 அன்று ரனவலோனா இறந்தார். கிறித்தவர்களிடம் முன்பே பரிவு காட்டிவந்த அவருடைய மகன் இரண்டாம் ராதாமா, அரியணை ஏறியதும் மதச் சுதந்திரம் அளித்தார். ஒளிந்திருந்தவர்களும் சங்கிலியில் இருந்தவர்களும் வெளியே வந்தனர். கொலைக்களங்களில் நினைவு ஆலயங்கள் எழுந்தன.

அடுத்து நடந்தது சற்றே சிக்கலானது. 1869 பிப்ரவரி 21 அன்று இரண்டாம் ரனவலோனாவும் பிரதமர் ரைனிலயரிவோனியும் ஒரு மலகாசிப் போதகரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் அரச ‘சம்பி’கள் எரிக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட மதம் அரசு மதமாயிற்று. ஆலயத்துக்கு வருமாறு உள்ளூர் அதிகாரிகள் மக்களை நெருக்கினர். ஆலயம் கட்டக் கட்டாய உழைப்பும் வாங்கப்பட்டது. குகையில் சங்கீதம் வாசித்தவர்களின் நூலை இப்போது அதிகாரம் தன் கையில் எடுத்துக்கொண்டது. திருத்திய மலகாசி வேதாகமம் 1889இல் வெளிவந்தது. 1895இல் பிரெஞ்சுப் படை தலைநகரைப் பிடித்ததும் கிராமப்புறங்களில் வெடித்த மெனலம்பா கிளர்ச்சியில், ஆலயங்கள் அரசின் கட்டடங்களாகவே கருதப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டன.