மெலிந்த மீனும் கொழுத்த மீனும்

பழைய ஆங்கிலேய டீபாட் சேகரிப்பவர்களில் சிலர் மீனைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1780களில் இங்கிலாந்தில் வந்த நீலப் பீங்கான்களில் 'மீனவர்' என்றொரு சித்திரம் உண்டு. ஒருவன் படகில் நின்றபடி பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறான், இன்னொருவன் தூண்டில் போட்டிருக்கிறான். பார்த்தால் அசல் சீனா. செய்தது செவெர்ன் ஆற்றங்கரையில்.

அதே படத்தை இரண்டு ஆலைகள் அச்சிட்டன. ஒன்று 1751இல் தொடங்கிய வூஸ்டர். மற்றது 1770களில் தாமஸ் டர்னர் நடத்திய காஃப்லி (ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'காக்லி' என்றுதான் படிக்கத் தோன்றும்). செப்புத்தகட்டில் செதுக்கி, கோபால்ட் மை பூசி, மெல்லிய தாளில் எடுத்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தில் ஒட்டுவார்கள். மெருகு அதற்குப் பிறகுதான். வூஸ்டரின் செதுக்குநர் ராபர்ட் ஹான்காக்கே பின்னாளில் காஃப்லிக்குப் போய்விட்டார். அப்புறம் ரெண்டும் ஒண்ணு போல இருக்காமல் என்ன செய்யும்?

குழப்பம் வந்தது அடிப்பாகத்தில். சில பாண்டங்களில் சீன எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும். உற்றுப் பார்த்தால் சீனமும் இல்லை, ஒன்றும் இல்லை. 1 முதல் 9 வரையிலான எண்கள், கோடும் சுழியும் ஒட்டி வேஷம் கட்டியிருக்கின்றன! இது காஃப்லியின் வேலை என்றே நிபுணர்கள் நெடுங்காலம் எழுதினார்கள். பெரிய ஆலை இப்படி தில்லுமுல்லு செய்யுமா என்ற மரியாதையும் அதில் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். இத்தனைக்கும் காஃப்லி 'சாலோப்பியன்' என்பதன் முதலெழுத்தான எஸ்ஸைத் தன் சரக்கில் வெளிப்படையாகவே போட்டுவந்தது.

1960களின் இறுதியில் வூஸ்டரின் பழைய ஆலை நின்ற இடத்தைத் தோண்டினார்கள். குப்பையில் மெருகு ஏறாத உடைசல்கள் கிடைத்தன, அவற்றில் அதே வேஷ எண்கள். கடைக்கு வந்து உடைந்த சரக்கென்றால் மெருகோடு இருக்கும். பாதி வேலையில் உடைந்தது, செய்த இடத்தில்தான் கிடக்கும். மென்பொருள் எழுதுகிற எனக்கு இது பழகிய விஷயம்: வெளியிட்ட பதிப்பில் தெரியாதது, தோற்றுப்போன பில்டின் லாகில் தெரியும்.

அலமாரிகளில் பெயர்ச்சீட்டுகள் மாறின. மீனைப் படிக்கும் முறையும் தெளிவானது. மீன் நீண்டு மெலிந்து, தூண்டில் நூல் தளர்ந்து நெளிந்தால் வூஸ்டர். மீன் குட்டையாய்க் கொழுத்து, நூல் விறைப்பாய் நின்றால் காஃப்லி. டர்னர் 1799இல் ஆலையை ஜான் ரோஸுக்கு விற்றுவிட்டார், பழி நீங்கியது அதற்கு ஏறத்தாழ 170 வருஷம் கழித்து.