பின்னத்தை விரட்டும் விதி

பின்னம் கலந்த சமன்பாடு என்றால் பள்ளிக்கூடம் முதலில் சொல்லித்தரும் வேலை ஒன்றுதான். பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடி, இரு பக்கத்தையும் அதனால் பெருக்கு, பின்னங்களை ஒழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கு. ஏன் என்று கேட்டால் ‘அப்போதுதான் சுலபம்’ என்று பதில் வரும். யாருக்குச் சுலபம், எந்த எழுத்துமுறையில் சுலபம் என்பதற்குப் பதில் பழைய கணக்கு நூல்களில்தான் இருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்னத்தை நீக்குவது எங்கும் கட்டாயமாக இருந்ததாகத் தெரியவில்லை. பின்னத்தை எழுதவும் கையாளவும் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததோ, அதற்கேற்ப அந்த வழக்கம் வந்திருக்கிறது, போயிருக்கிறது.

எகிப்திலிருந்து தொடங்கலாம். கி.மு. 1550ஐ ஒட்டி, ஆமோசு என்ற எழுத்தர் தமக்கும் முந்தைய சுருள் ஒன்றைப் பார்த்து நகலெடுத்தார். ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858இல் லக்சரில் வாங்கிய அந்தப் பாப்பிரஸ் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 24ஆம் கணக்கு: ஒரு தொகையும் அதில் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 19, தொகை எவ்வளவு? ஆமோசு 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? இரண்டே காலே அரைக்கால் மடங்கு. அதை ஏழால் பெருக்க, பதினாறரையே அரைக்கால் விடை. இதைக் குருட்டு ஊகம் என்று ஒதுக்குகிறவர்கள் அடுத்த மூன்று கணக்குகளையும் பார்க்க வேண்டும். பின்னம் அரை, கால், ஐந்தில் ஒன்று. எடுத்துக்கொள்ளும் எண்கள் 2, 4, 5. பகுதி எதுவோ அதையே ஊகமாக வைக்கிறார். நம் பாடநூல் சமன்பாட்டை எழுதிய பின்னால் செய்வதை ஆமோசு ஊகத்தை எடுக்கும்போதே செய்துவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு அது தேவையாகவும் இருந்தது. மூன்றில் இரண்டு என்ற ஒன்றைத் தவிர, தொகுதி 1 ஆக உள்ள பின்னங்களை மட்டுமே எகிப்தியர் எழுதினார்கள். ஐந்தில் இரண்டைக்கூட ‘மூன்றில் ஒன்று, பதினைந்தில் ஒன்று’ என்று உடைக்க வேண்டும். இப்படி உடைப்பதற்காகவே, 2ஐ 101 வரையிலான ஒற்றை எண்களால் வகுத்த அட்டவணை ஒன்று அந்தச் சுருளின் தொடக்கத்தில் இருக்கிறது. அத்தகைய எழுத்தில் பின்னத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு லாபம்.

அதே உத்தியை 1150இல் பாஸ்கரர் லீலாவதியில் இஷ்ட கர்மம் என்ற பெயரில் சொல்கிறார். ஆனால் அவர் எடுக்கும் எண்கள் வேறு மாதிரி. தாமரைக் கணக்கு ஒன்று: பூக்களில் மூன்றில் ஒன்று சிவனுக்கு, ஐந்தில் ஒன்று விஷ்ணுவுக்கு, ஆறில் ஒன்று சூரியனுக்கு, கால் பங்கு தேவிக்கு; மீதி ஆறும் குருவுக்கு. ஆமோசு வழிப்படி 60 என்று வைத்தால் 20, 12, 10, 15 போக 3 மிஞ்சும்; மிஞ்ச வேண்டியது 6, ஆகவே 120. பாஸ்கரரோ 1 என்று வைக்கிறார். எல்லாப் பின்னமும் அப்படியே நிற்கின்றன. கூட்டிக் கழித்தால் இருபதில் ஒன்று மிஞ்சுகிறது. ஆறை அதனால் வகுக்க 120. இதற்கு முந்தைய கணக்கில் 3 என்று வைத்து, நடுவில் நான்கில் பதினேழு வந்து நிற்பதைப் பற்றிக் கவலையே படாமல் மேலே போகிறார். காரணம் எளிது. தொகுதியை மேலும் பகுதியைக் கீழுமாக எழுதும் முறை அதற்குள் இந்தியாவில் வேரூன்றிவிட்டது. பகுதிகளுக்குப் பொது மடங்கு காணும் வழியை மகாவீரர் 850ஐ ஒட்டியே ‘நிருத்தம்’ என்று வகுத்துவிட்டார். (அவருடைய கணிதசாரசங்கிரகத்தை எம். ரங்காச்சாரியா 1912இல் சென்னையில்தான் பதிப்பித்தார்.) பின்னத்தோடு பழகிய கைக்கு அதுவும் ஓர் எண், அவ்வளவே.

இதை எதிர்த்துக் கேட்க நிறைய இருக்கிறது. பாஸ்கரரே தம் பீஜகணிதத்தில் பகுதிகளைச் சமமாக்கி, பிறகு அவற்றை விட்டுவிடுகிறாரே? இருபடிச் சமன்பாட்டை வர்க்கத்தின் கெழுவைப் போல் நான்கு மடங்கால் பெருக்கு என்ற ஸ்ரீதரரின் விதி, நடுவில் பின்னம் தலைகாட்டாமல் இருக்கத்தானே? இரண்டும் உண்மை. ஆனால் லீலாவதிக் கணக்கில் தெரியாத தொகைக்கு ஓர் எண்ணையே வைத்துவிடுகிறோம். பின்னங்கள் அதில் சேர்ந்து கரைந்துவிடும். பீஜகணிதத்தில் தெரியாத தொகைக்கு ‘யா’ என்ற எழுத்தும், தெரிந்த எண்ணுக்கு ‘ரூ’ என்ற எழுத்தும் போட்டு, இரண்டு பக்கத்தையும் மேலும் கீழுமாக அடுக்க வேண்டும். அந்த அடுக்கில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பகுதி தொங்கினால் கண் தடுமாறும். ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் பின்னத்தை வைத்துக்கொண்டதற்கும் இன்னோரிடத்தில் விரட்டியதற்கும் எழுதும் விதமே காரணம் என்று கொள்வதுதான் பொருத்தம். பின்னத்தை ஒழிப்பதே குறிக்கோளாக இருக்கவில்லை என்பதற்குப் பாக்தாதில் அல் குவாரிஸ்மியும் சாட்சி. அரை வர்க்கமும் ஐந்து மூலமும் 28 என்றால் எல்லாவற்றையும் இரட்டிக்கிறார். இரண்டு வர்க்கமும் பத்து மூலமும் 48 என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குகிறார். அப்படிப் பாதியாக்கியதால் அடுத்த படியில் இரண்டரையும் ஆறேகாலும் வந்து சேர்கின்றன, அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியது ஒற்றை வர்க்கம்.

தமிழ்க் கணக்கர்கள் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார்கள். பொது மடங்கை ஒவ்வொரு கணக்கிலும் தேடாமல், 320 என்று நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி என்பது, நமக்கு இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டும் பின்னக் கணக்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பையனுக்கு வெறும் பதினாறும் நாலும். இதில் ஒரு குறையும் உண்டு. 320ஐ மூன்றாலோ ஏழாலோ மீதியின்றி வகுக்க முடியாது. முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி, அதாவது முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு, என்று இறங்கிக்கொண்டே போனாலும் மூன்றில் ஒன்று அகப்படாது. ஆமோசுவின் ஏழு இந்த வலையில் சிக்காது. ஆனால் நிலமும் நெல்லும் பொன்னும் அளந்தவர்களுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நில அளவைக் கீழ்ப் பின்னங்கள் வரை இறங்கிச் சொல்கின்றன.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘முதலில் பகுதிகளை நீக்குக’ என்ற வரியை விதி என்று அச்சிட வேண்டாம், வசதி என்று அச்சிடுங்கள். பக்கத்திலேயே அந்தத் தாமரைக் கணக்கைக் கொடுத்து, 60 என்று வைத்து ஒரு முறையும் 1 என்று வைத்து ஒரு முறையும் செய்யச் சொல்லுங்கள்.